காரில் ஏறிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்

மோட்டார் சைக்கிளில் விரைந்து செல்பவருக்குக் காற்று ஒரு தொல்லை. கண்ணில் தூசி விழுகிறது, சட்டை படபடக்கிறது, மார்கழிப் பனியில் விரல்கள் மரத்துப் போகின்றன. ஆனால் அவருடைய கால்களுக்கிடையே ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கோ அந்தக் காற்றுத்தான் உயிர். எஞ்சினை மட்டுமல்ல, அதனோடு இணைந்த மின் சாதனங்களையும் அதுவே ஓயாமல் குளிர்வித்து வருகிறது. இந்தச் சேவைக்குக் கூலி எதுவும் கேட்கப்படாததால், அப்படியொரு சேவை நடைபெறுவதையே நாம் மறந்துவிடுகிறோம். அதே எஞ்சினைக் கழற்றி ஒரு சிறு காரின் மூடிக்குள் வைத்துப் பூட்டும்போதுதான் மறந்தது நினைவுக்கு வருகிறது.

இப்படி எஞ்சினைக் கழற்றிக் காரில் வைப்பவர் யார் என்று நேயர்கள் கேட்கலாம். பிரிட்டனில் இது நெடுநாளைய பொழுதுபோக்கு. 1957-இல் காலின் சாப்மன் என்பவர் ‘லோட்டஸ் செவன்’ என்ற, எடை மிகக் குறைந்த இரண்டு இருக்கைக் காரை வெளியிட்டார். முழுக் காராக வாங்கினால் அந்நாட்டில் அப்போது கொள்முதல் வரி உண்டு. உறுப்புகளாக வாங்கினால் இல்லை. ஆகவே பலர் உறுப்புகளாக வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே பூட்டிக்கொண்டார்கள். இவற்றுக்குக் ‘கிட் கார்’ என்று பெயர். 1973-இல் வரிமுறை மாறியதும் அந்தச் சலுகை போயிற்று. கையால் கார் கட்டும் ஆசை போகவில்லை. 1996-இல் ரான் சாம்பியன் என்பவர், வெறும் 250 பவுன் செலவில் இத்தகைய காரைக் கட்டும் வழியை ஒரு நூலாகவே எழுதினார். அதே காலத்தில் மோட்டார் சைக்கிள் எஞ்சின்களும் அபாரமாக வளர்ந்து வந்தன. 1992-இல் ஹோண்டா பயர்பிளேடும், 1998-இல் யமஹா ஆர்-1-உம், 1999-இல் சுசுகி ஹயபூசாவும் வந்தன. எடை சிறிது, ஆற்றல் பெரிது, கியர்ப் பெட்டியும் உடன்பிறந்தது போல ஒட்டியே இருக்கிறது. கார் கட்டுவோர் இதை விட்டுவைப்பார்களா? விபத்தில் உருக்குலைந்த மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கார்களில் ஏறின.

நம் நாட்டில் இத்தகைய காரைக் கட்டிச் சாலையில் ஓட்டுவதற்குப் பதிவு பெறுவது எளிதன்று. ஆயினும் பொறியியல் கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்துக் கட்டும் சிறு பந்தயக் கார்கள் உண்டு. ‘பார்முலா பாரத்’ என்னும் போட்டிக்காக, அண்மை ஆண்டுகளில், நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர் குழுக்கள் கோயம்புத்தூரை அடுத்த கரி மோட்டார் ஸ்பீட்வேக்கு வருகின்றன. எஞ்சின் ஓட்டும் கார்களுக்கு அங்கே மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான் வழக்கம். புனே அருகே சாக்கனில் உருவாகும் கே.டி.எம். மோட்டார் சைக்கிளின் 373 கன சென்டிமீட்டர் எஞ்சினைப் பல குழுக்கள் நாடுகின்றன. பிற மாநிலங்களில் குடியேறிய நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் இக்குழுக்களில் இருக்கிறார்கள். ஓராண்டு வட நாட்டுக் கல்லூரிக் குழு ஒன்றுடன் நானும் அந்த ஓடுகளத்துக்குப் போயிருந்தேன். அங்கே கண்ட ஒரு தோல்விதான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

போட்டியின் கடைசிப் பகுதி, ஏறக்குறைய 22 கிலோமீட்டர் நீடிக்கும் ஓட்டம். பாதித் தூரத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஓட்டுநரை மாற்ற வேண்டும். அதற்கு 3 நிமிட அவகாசம். பிறகு எஞ்சின் தன் பாட்டரியின் பலத்திலேயே மீண்டும் கிளம்ப வேண்டும். எங்கள் வண்டி முதல் பாதியை அழகாக ஓடி முடித்தது. ஓட்டுநர் இறங்கினார், அடுத்தவர் ஏறி வாரைக் கட்டிக்கொண்டார், பொத்தானை அழுத்தினார். ‘டக்’ என்று ஒரு சிறு ஓசை. அவ்வளவுதான். ஓராண்டு உழைப்பு அந்த ஓசையோடு முடிந்தது. பிள்ளைகள் பாட்டரியைக் குறை கூறினார்கள். மாலையில் புதுப் பாட்டரி வாங்கிப் பூட்டிக் கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்தார்கள். மீண்டும் அதே ‘டக்’. அப்போது உள்ளூர் மின்பணியாளர் ஒருவர் குனிந்து, இருக்கைக்குப் பின்னால் இருந்த ஓர் அலுமினியப் பெட்டியின் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனார். தொடாமலேயே கையை இழுத்துக்கொண்டார். “தம்பி, பாட்டரிய ஏனுங்க திட்டறீங்க? அதுக்குச் சோறு போடற பெட்டி இங்கே வெந்துட்டு இருக்குதுங்க” என்றார்.

அவர் காட்டிய பெட்டிக்கு ரெகுலேட்டர் என்று பெயர். மாறு மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும் ரெக்டிபயரும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. அது வேகும் காரணத்தைப் புரிந்துகொள்ள, மோட்டார் சைக்கிள் தன் மின்சாரத்தை உண்டாக்கும் முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில், எஞ்சின் சுழல்தண்டின் முனையில் நிலைக் காந்தங்கள் பதித்த ஒரு சக்கரம் சுற்றுகிறது. அதனுள்ளே அசையாமல் இருக்கும் செப்புக் கம்பிச் சுருள்களின் தொகுதிக்கு ஸ்டேட்டர் என்று பெயர். அதிலிருந்து மூன்று கம்பிகள் வெளியே வருகின்றன. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு வோல்ட் பிறக்கிறது. சுமை எதுவும் இல்லாமல் அளந்தால், உயர்ந்த வேகத்தில் 60, 70 வோல்ட்டைக்கூடத் தாண்டும். பாட்டரிக்கு வேண்டியதோ 14 அல்லது பதினாலரை வோல்ட். சாதாரணக் கார்களில் உள்ள ஆல்டர்னேட்டரில் காந்தமே மின்சாரத்தால் ஆக்கப்படுவது. ஆதலால் தேவை குறைந்தால் காந்த வலிமையையே குறைத்துவிடலாம். நிலைக் காந்தத்தை அப்படிக் குறைக்க முடியாது. பிறந்துவிட்ட மின்சாரத்தை எங்கேயாவது போக்கித்தான் ஆக வேண்டும்.

இதற்கு வழக்கமான ரெகுலேட்டர் கையாளும் வழி விசித்திரமானது. பாட்டரி நிறைந்ததும், ஸ்டேட்டரின் கம்பிகளை ஒன்றோடொன்று குறுக்கே இணைத்து, மின்சாரத்தை அதன் சுருளுக்குள்ளேயே திருப்பி விடுகிறது. தோட்டத்துத் தொட்டி நிரம்பியதும் பம்பு செட்டை நிறுத்தாமல், குழாயைத் திருப்பித் தண்ணீரைக் கிணற்றுக்குள்ளேயே விடுவதைப் போன்றது இது. தொட்டி வழியவில்லை என்பது உண்மைதான். ஆனால் பம்பும் குழாயும் ஒரு கணமும் ஓய்வதில்லை. ரெகுலேட்டரின் உள்ளே மின்சாரம் செல்லும் வழியில் எப்போதும் இரண்டு சிலிக்கன் உறுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 1 வோல்ட் வீழ்கிறது. 25 ஆம்பியர் ஓடினால், 2 வோல்ட்டால் பெருக்க, 50 வாட் முழுவதும் வெறும் சூடாகிறது. உள்ளங்கை அகலப் பெட்டிக்கு இது பெரிய சுமை.

இதிலிருந்து பலரும் எதிர்பாராத ஒரு செய்தி கிடைக்கிறது. விளக்குகளை அணைத்தால் ரெகுலேட்டர் குளிரும் என்று எண்ணுகிறோம். குளிராது. விளக்குக்குப் போன மின்சாரம் இப்போது குறுக்கு வழியில் போகிறது. பெட்டியின் சூடு ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதற்கு நேர்மாறாக, கூடுதல் விளக்குகளைப் பூட்டிச் சுமையை ஏற்றினால் பெட்டி பிழைக்கும் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் பேச்சையும் நம்ப வேண்டியதில்லை.

இனிக் காற்றுக் கணக்கு. ஒரு பெட்டி ஒரு வாட் சூட்டுக்கு எத்தனை டிகிரி ஏறுகிறது என்பதே அதன் குளிர்ச்சித் திறனின் அளவு. உதாரணமாக, துடுப்புகள் உள்ள ஒரு பெட்டி அசையாக் காற்றில் வாட் ஒன்றுக்கு 2 டிகிரி ஏறுவதாகக் கொள்வோம். 50 வாட்டுக்கு 100 டிகிரி. நல்ல காற்றோட்டத்தில் அதே பெட்டி வாட் ஒன்றுக்கு அரை டிகிரிதான் ஏறுமானால், மொத்தம் 25 டிகிரி. மோட்டார் சைக்கிளில், 35 டிகிரி வெயிலில், பெட்டி 60 டிகிரியில் நிற்கும். காரின் மூடிக்குள்ளோ, ரேடியேட்டரைக் கடந்து வந்த காற்றே 70 டிகிரி இருக்கலாம். அதுவும் அசையாமல் நின்றால், 70-உம் 100-உம் சேர்ந்து 170. உள்ளே இருக்கும் சிலிக்கன் உறுப்புகள் பொதுவாக 150 டிகிரியைத் தாங்குவதே அரிது. அந்த எல்லையை எட்டுவதற்கு முன்பே பெட்டி தடுமாறத் தொடங்கிவிடும். பெட்டி அதேதான், அதில் பிறக்கும் சூடும் அதேதான். இடம் மட்டுமே மாறிற்று.

எங்கள் குழுவின் வண்டியில் அந்தப் பெட்டி, புகைக்குழாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கண்ணாடி இழைப் பலகை ஒன்றில் திருகப்பட்டிருந்தது. கண்ணாடி இழை வெப்பத்தைக் கடத்தாது. பெட்டிக்குக் கம்பளி போர்த்தியதற்கு ஒப்பாகும். ஆகவே ஓட்டம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே பெட்டி களைத்து, மின்சாரம் தருவதை நிறுத்தியிருக்க வேண்டும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் பாட்டரியைத் தின்று ஓடியது. எரிபொருள் பம்பும், விசிறியும், எஞ்சினின் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்து 15 ஆம்பியர் இழுத்தால், கால் மணி நேரத்தில் ஏறக்குறைய 4 ஆம்பியர்-மணி கரைகிறது. எடையைக் குறைக்கப் பூட்டியிருந்த சிறு பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 8. இந்த நோய் ஓடும்போது தெரிவதில்லை. நிறுத்தி மீண்டும் கிளப்பும்போதுதான் தெரிகிறது.

பிரிட்டனின் கிட் கார்களில் சங்கடம் வேறொரு விதமாக வருகிறது. லோட்டஸ் செவன் வடிவக் கார்களில் எஞ்சின் முன்புறம் இருக்கிறது. அதன் விசை பின் சக்கரங்களுக்குப் போக வேண்டும். ஆகையால் மோட்டார் சைக்கிள் எஞ்சினை 90 டிகிரி திருப்பி, சங்கிலிப் பல்சக்கரம் இருந்த தண்டு பின்னோக்கி இருக்குமாறு வைக்கிறார்கள். முன்பு காற்றை நேருக்கு நேர் சந்தித்த புகைக்குழாய்கள் இப்போது பக்கவாட்டில் திரும்பி, மூடிக்குள் ஒரு பக்கத்தை உலையாக்குகின்றன. முன்மூக்கில் ரேடியேட்டர், அதன் வெந்நிறக் காற்று முழுவதும் எஞ்சின்மேல். இவற்றுக்கிடையே குளிர்ந்த இடம் எங்கே என்று தேடுவதே முதல் வேலை. புகைக்குழாய் இல்லாத பக்கம், ரேடியேட்டருக்கு முன்னால் அல்லது அதற்கு ஓரமாக, வெளிக் காற்று நேராகப் படும் இடம் உத்தமம். அங்கே இடமில்லையென்றால், மூக்கிலிருந்து 75 மில்லிமீட்டர் வளைகுழாய் ஒன்றைக் கொண்டுவந்து அதன் வாயைப் பெட்டியின் துடுப்புகளுக்கு நேராக வைக்கலாம். வந்த காற்று வெளியேறவும் ஒரு வழி இருக்க வேண்டும். வழியில்லாவிட்டால் எத்தனை பெரிய குழாயும் பயன் தராது.

பெட்டியைப் பூட்டும் முறையிலும் சூட்சுமம் உண்டு. 5 அல்லது 6 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகட்டில், இரு முகங்களிலும் வண்ணத்தைச் சுரண்டி, வெப்பம் கடத்தும் பசையை மெல்லியதாகத் தடவிப் பூட்ட வேண்டும். பசையை அப்பளக் கனத்துக்குப் பூசுவது தவறு. இரு உலோகங்களுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்பினால் போதும். துடுப்புகள் காற்று ஓடும் திசையிலேயே நீள வேண்டும்.

அடுத்து இணைப்புகள். ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகள் ஒரு பிளாஸ்டிக் இணைப்பியில் ரெகுலேட்டரைச் சேர்கின்றன. பழைய வண்டியிலிருந்து எடுத்த எஞ்சினில் இந்த இணைப்பி பெரும்பாலும் பச்சைக் களிம்பேறி இருக்கும். அதில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருக்கிறதென்று கொள்ளுங்கள். 20 ஆம்பியர் ஓடும்போது அங்கே பிறக்கும் சூடு 40 வாட். ஈயம் பற்றவைக்கும் சிறு சால்டரிங் அயர்னின் சக்தி அது. விரல் நுனி அளவுள்ள பிளாஸ்டிக்குக்குள் ஒரு சால்டரிங் அயர்னை ஓயாமல் எரியவிட்டால் என்ன ஆகும்? உருகும், கருகும், பக்கத்துக் கம்பியையும் சேர்த்துக்கொள்ளும். ரெகுலேட்டர் எரிந்துவிட்டதாக எண்ணிப் புதிது புதிதாக வாங்கிப் போட்டவர்கள், இந்த ஒரு ரூபாய் இணைப்பியைப் பாராமல் ஏமாந்திருக்கிறார்கள். இதைச் சோதிப்பது எளிது. எஞ்சின் ஓடும்போது மல்ட்டி மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் நேர்முனையிலும், மறுமுனையைப் பாட்டரியின் நேர்முனையிலும் வையுங்கள். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் எங்கோ மின்சாரம் சூடாகிக்கொண்டிருக்கிறது. எதிர்முனைப் பக்கத்தையும் இவ்வாறே பார்க்க வேண்டும். பெட்டியைத் திருகிய ஆணியே பூமி இணைப்பாகிவிடும் என்று நம்பாமல், பாட்டரிக்கே தனியாக ஒரு தடித்த கம்பியை ஓட்டிவிடுவது நலம்.

ப்யூஸ் விஷயத்தில் நம்மவரிடம் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீட்டுப் பீங்கான் ப்யூஸ் அடிக்கடி போனால், மெல்லிய கம்பிக்குப் பதில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவிட்டு நிம்மதியாகத் தூங்குவோம். காரில் 30 ஆம்பியர் ப்யூஸ் சூடேறுகிறதென்று 40-ஐப் போட்டால், பிறகு கம்பியே ப்யூஸாகிறது. ப்யூஸின் காலடியில் கருமை தெரிந்தால், பிடிப்பானின் பற்று தளர்ந்திருக்கிறது என்று பொருள்; மாற்ற வேண்டியது பிடிப்பானை.

சுமைக் கணக்கையும் காகிதத்தில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் ஸ்டேட்டர் பெரும்பாலும் 300 முதல் 500 வாட் வரையே தரும். காருக்குரிய இரு முன்விளக்குகள் 110 வாட்; ரேடியேட்டர் விசிறி 150; எரிபொருள் பம்பு 60; எஞ்சினின் பற்றவைப்பும் கட்டுப்பாடும் இன்னும் ஒரு 80. இவையே 400. கண்ணாடித் துடைப்பானும் வெப்பமூட்டியும் சேர்ந்தால் என்ன மிஞ்சும்? சில கார்களில் பின்னோக்கிச் செல்ல மின் மோட்டார் வைக்கிறார்கள், மோட்டார் சைக்கிளில் ரிவர்ஸ் கியர் இல்லாததால். அது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கக்கூடியது. சில விநாடிகளுக்கு மட்டுமே ஏற்றது. நெரிசலான நிறுத்துமிடத்தில் முன்னும் பின்னுமாக அதை வதைத்தால் மோட்டாரும் கம்பியும் சேர்ந்து புகையும்.

காற்றும் இணைப்பும் சரியான பிறகும் பெட்டி தாங்கவில்லையென்றால், பெட்டியின் வகையை மாற்றலாம். ஜப்பானின் ஷிண்டெங்கன் நிறுவனம் செய்யும் எப்.எச். 020 போன்றவை பழைய குறுக்கு வழியையே கையாள்கின்றன. ஆனால் நவீன மாஸ்பெட் உறுப்புகள் இருப்பதால் மின்சாரத்தைத் திருப்பிவிடும்போது சூடு குறைவு. ஸ்டேட்டர் மட்டும் முன்போலவே உழைக்கிறது. எஸ்.எச். 847 போன்றவை வேறு இனம். பாட்டரி நிறைந்ததும் அவை குறுக்கே இணைப்பதில்லை, வழியையே அடைத்துவிடுகின்றன. தண்ணீரைக் கிணற்றுக்குத் திருப்பாமல் பம்பையே நிறுத்துவதற்கு இது சமம். பெட்டியும் குளிர்கிறது, ஸ்டேட்டரும் குளிர்கிறது. அடைத்திருக்கும் நேரத்தில் ஸ்டேட்டர் கம்பிகளில் வோல்ட் உயர்ந்து நிற்குமாகையால், அவற்றின் உறை விரிசலின்றி இருக்க வேண்டும். என் சொந்தக் கருத்து, புதிதாகக் கார் கட்டுவோர் தொடக்கத்திலேயே இந்த இரண்டாம் இனத்தை வாங்கிவிடுவது நல்லது. கடைத்தெருவில் போலிகள் உலவுகின்றன; விலை மிக மலிவாக இருந்தால் ஐயப்படலாம்.

எஞ்சினின் கட்டுப்பாட்டுப் பெட்டியை எக்காரணம் கொண்டும் எஞ்சின் மூடிக்குள் வைக்க வேண்டாம். அதிலுள்ள மின்தேக்கிகளின் ஆயுள், 10 டிகிரி ஏறுந்தோறும் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. ஓட்டுநர் அமரும் பக்கத்தில் ரப்பர் அணைகளின்மேல் வைத்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூடிக்குள் மிகக் கொடிய வெப்பம் ஓடும்போது வருவதில்லை, நின்றபின் வருகிறது. எஞ்சின் நின்றதும் காற்றும் நீரோட்டமும் நின்றுவிடுகின்றன. உலோகத்தில் தேங்கிய சூடு மெல்ல மேலேறிச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் வேக வைக்கிறது. ஆகவே நிறுத்தியவுடன் மூடியைத் திறந்துவிடுவது நல்ல பழக்கம். வெப்பநிலையையும் இருமுறை அளக்க வேண்டும்: நின்றவுடன் ஒன்று, பத்து நிமிடம் கழித்து ஒன்று. இதற்கு 2020-இல் வீட்டுக்கு வீடு வாங்கிய நெற்றி வெப்பமானி உதவாது. அது காய்ச்சலுக்கு மேல் எண்ணத் தெரியாதது. பட்டறைகளில் பயன்படும் அகச்சிவப்பு மானி வேண்டும். அதுவும் பளபளக்கும் அலுமினியத்தைக் கண்டால் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். பெட்டியின்மேல் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, டேப்பை அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

அந்தக் குழு அடுத்த ஆண்டும் கோவைக்கு வந்தது. பெட்டி இப்போது பக்கவாட்டுக் காற்று வாயின் ஓரத்தில், கனத்த அலுமினியத் தகட்டில் இருந்தது. அதன்மேல் ஒரு துண்டு கறுப்பு டேப். ஓட்டுநர் மாறும் இடத்தில் ஒரு பிள்ளை மானியை நீட்டிப் பார்த்து, “68” என்று கூவினான். அடுத்தவர் ஏறிப் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. பரிசு எதுவும் வரவில்லை. 22 கிலோமீட்டரையும் ஓடி முடித்தார்கள்.